ஒன்றும் தெரியாத டீச்சர்

கீழவைப்பார் கரையில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த ரெக்சனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாசரேத்திலிருந்து முப்பது பிள்ளைகளைக் கடற்கரை ஆய்வுக்கு பஸ்ஸில் கூட்டிவந்த புவியியல் டீச்சர், கடலைப் பார்த்து நின்றுகொண்டு, "இப்ப காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்கி, அண்ணாச்சி?" என்று அவனிடமே கேட்டாள்.

"முதுகுல அடிக்கது கூடவா தெரியல? மேக்க இருந்து வருது. இதுக்குப் பேரு கச்சான். இதுதான் உங்க படிப்பா?"

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுதினார்கள்.

"கடல் தண்ணி அசையாம ஒரே இடத்துலதான நிக்கும்?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! உள்ளுக்குள்ள ஆறு மாதிரி ஓடும். அதுதான் நீவாடு. பிள்ளைகளா, இவங்களை நம்பிப் பரீட்சை எழுதிராதீங்க!"

வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்த ரெக்சன், கரை எவ்வளவு அரித்திருக்கிறது, எந்த மாதம் எந்த மீன் வரும் என்று மணலில் கோடு கிழித்துக் கிழித்து, ஒரு மணி நேரம் ஏளனமாகவே பாடம் நடத்திவிட்டான்.

அவர்கள் கிளம்பும்போது, "டீச்சர், கடலை இன்னைக்குத்தான் பாக்கீங்களோ?" என்றான்.

"பிறந்ததே ஆலந்தலைக் கடக்கரையிலதான். எங்க அப்பா சங்கு குளிச்சவரு," என்றாள் ஏஞ்சலின் டீச்சர். "போன வருசம் எனக்கும் தெரியும்னு காட்டிக்கிட்டு, மரியாதையாக் கேட்டேன். கரையில ஒருத்தரும் வாயைத் திறக்கல. முட்டாள்னு நினைச்சாத்தான் எல்லாத்தையும் சொல்லுதீங்க."

ரெக்சன் கீழே போட்ட வலையை மறுபடி எடுத்துக்கொண்டான்.

பஸ்ஸில் ஏறப்போன மாணவி இசக்கிசெல்வி நோட்டைத் திரும்பத் திறந்தாள். "டீச்சர், இதையும் எழுதணுமா?"