பச்சை விளக்கு எரியும்வரை

தொழில் வட்டாரத்தில் அவனுக்கு 'நிதானம்' என்று பெயர். கார் திருட்டில் அவசரப்பட்டவர்கள் எல்லாம் கம்பி எண்ணிக்கொண்டிருக்க, இவன் ஒரே ஒரு முறைதான் மாட்டியிருக்கிறான். அந்த ஒரு முறைக்கே மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவை உள்ள போனீங்கன்னா, திரும்பி வரும்போது நானும் பிள்ளையும் இந்த வீட்ல இருக்க மாட்டோம்."

அவள் சொன்னால் செய்கிறவள். அதனால் ஒரு டாக்டர் வீட்டு ஸ்போர்ட்ஸ் காரைத் திருடுவதோடு தொழிலுக்கே கும்பிடு போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தான். டாக்டர் வெளியூரில் இருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திரும்புகிறார். அதுவரை வீட்டில் சமையல்கார அக்கா மட்டும்தான்.

காலை ஒன்பது மணிக்கு, கம்பெனி முத்திரை தைத்த நீலச் சட்டையும் கையில் ஒரு பெட்டியுமாக அழைப்பு மணியை அழுத்தினான்.

"கார் கம்பெனியிலேர்ந்து வர்றேங்க்கா. வண்டி ஓடாம நின்னா பேட்டரி இறங்கிடும். டாக்டர் சார்ஜ் போடச் சொல்லியிருந்தாரு."

அக்கா அவன் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

"கம்பெனி ஆளா? வாங்க தம்பி, வாங்க! எப்படா வருவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

இவ்வளவு சுலபமாக எந்த வீட்டிலும் அவனுக்குக் கதவு திறந்ததில்லை.

கார் ஷெட்டில் உறை போர்த்தி நின்றது. அவன் அதை உருவப் போனான். அக்கா பதறிக்கொண்டு குறுக்கே வந்தாள்.

"முழுசா எடுக்காதீங்க தம்பி! தூசி பட்டா டாக்டர் என் உயிரை எடுத்துடுவாரு. பேட்டரி முன்னாடிதானே இருக்கு?"

"ஆமாங்க்கா" என்றவன், உறையை டிரைவர் கதவு வரைக்கும் மட்டும் சுருட்டிவிட்டான். அக்கா சாவியையும் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். போட்டுத் திருகிப் பார்த்தான். மீட்டர் பக்கம் ஒரு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது.

பெட்டியைத் திறந்தான். பெரிய சார்ஜரைப் போட்டால் இந்த மாதிரி காரில் உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் புகைந்துவிடும். அதனால் மெதுவாக ஏற்றும் சின்ன சார்ஜரைத்தான் கொண்டுவந்திருந்தான். காரின் முன்மூடியைத் தூக்கி, சிவப்புக் கிளிப்பைப் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டினான். கறுப்பை, பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில் கவ்வவிட்டான். அதற்கப்புறம்தான் சுவிட்சைப் போட்டான்.

"கறுப்பையும் பேட்டரியிலயே மாட்டினா என்ன தம்பி?"

"பொறி பறக்கும்க்கா. பேட்டரிகிட்ட கேஸ் இருக்கும். குப்புன்னு பிடிச்சுக்கும்."

"அடேயப்பா! எம்புட்டு விஷயம் தெரிஞ்சு வச்சிருக்கீங்க! எவ்வளவு நேரம் ஆகும்?"

"இந்தச் சிவப்பு விளக்கு பச்சையாகணும். ஏழு மணி நேரம் ஆகும்க்கா" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"ஏழு மணி நேரமா? ரொம்ப நல்லதாப் போச்சு! அவசரமே படாதீங்க. வேலைன்னா திருத்தமா இருக்கணும்."

பத்து மணிக்கு டீ வந்தது. ஒரு மணிக்கு இலை நிறையச் சாப்பாடு. மூன்று மணிக்கு மறுபடியும் டீ, கூடவே பிஸ்கட். வியர்க்கிறதே என்று வீட்டுக்குள்ளிருந்து மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். மாமியார் வீட்டில்கூட அவனை யாரும் இப்படிக் கவனித்ததில்லை.

"டாக்டர் எப்படிக்கா, நல்லவரா?"

"தங்கமானவருதான் தம்பி. ஆனா ஒரு மாசமா என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்ல. வேலைய விட்டு நிறுத்திடுவாரோன்னு பயமா இருக்கு."

கார் போனால் இவள் வேலையும் போகும். சே, என்ன பிழைப்பு இது என்று அவனுக்கு இருந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா" என்று வாய் கூசாமல் பொய் சொன்னான்.

நான்கு மணிக்குப் பச்சை விளக்கு எரிந்தது. அதே நேரம் பார்த்து வாசலில் ஏதோ வண்டி வந்து நிற்கும் சத்தம். டாக்டர் சீக்கிரமே வந்துவிட்டாரா? சுவிட்சை அணைத்து, கிளிப்புகளைப் பிடுங்கி, முன்மூடியைச் சாத்திவிட்டு உள்ளே பாய்ந்து சாவியைத் திருகினான்.

எல்லா விளக்கும் பளிச்சென்று எரிந்தது. ரேடியோகூடப் பாடியது. வண்டி மட்டும் உறுமவில்லை. மறுபடி திருகினான். ம்ஹூம். குதித்து இறங்கி, உறையை உருவி எறிந்து, பின்பக்க மூடியைத் திறந்தான். இந்த ரகக் காருக்கு இன்ஜின் பின்னால்தான்.

உள்ளே தரை தெரிந்தது. இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து வயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஒன்பதரைக்குப் போன் பண்ணினேன். இப்பதான் ஜீப் கிடைச்சுதா சார்?" என்று பின்னால் அக்காவின் குரல் கேட்டது. பக்கத்தில் இன்ஸ்பெக்டர். அவரிடம் அக்கா கொட்டித் தீர்த்தாள். "போன மாசம் கம்பெனி ஆளுங்கன்னு மூணு பேர் வந்து, சர்வீஸுக்குன்னு சொல்லி இன்ஜினைக் கழட்டிட்டுப் போனாங்களே, அதே சட்டை சார்! கேட்டைத் திறந்துவிட்டது நான்தான்னு மொத்தப் பழியும் என் தலையில. நீங்க வர்ற வரைக்கும் ஆளை எப்படி உக்கார வைக்கிறதுன்னு கையும் ஓடல, காலும் ஓடல. நல்லவேளை, ஏழு மணி நேரம் ஆகும்னு தம்பியே சொல்லிட்டாரு."

"ஏன்டா, இன்ஜினைத் தின்னது போதாதுன்னு இப்ப பேட்டரிக்கு வந்தியா?" என்று இன்ஸ்பெக்டர் சட்டைக் காலரைப் பிடித்தார்.

மனைவியின் முகம் அவன் கண்முன் வந்து நின்றது. யாரோ செய்த திருட்டுக்கு நான் உள்ளே போவதா என்று ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயோ சார், இன்ஜினை நான் தொடவே இல்ல! சத்தியமா நான் முழுக் காரையும் திருட வந்தவன் சார்!"