மூன்றாவது பொத்தான்

இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்க வேண்டிய கதை ஒன்று வைத்திருக்கிறேன்.

போர் நினைவுச் சுவரின் முன்னால் பல்லன் காவல் நின்றான்.

பல்லன் என்பது கூட்டாளிகள் வைத்த பெயர். சிரிப்பு என்று வந்துவிட்டால் எழவு வீட்டிலும் அடக்கத் தெரியாத பிள்ளை.

அந்தக் காவல் லேசுப்பட்டதல்ல. தரையில் வெள்ளைச் சாயத்தில் இரண்டு பாதங்கள் வரைந்திருப்பார்கள். அவற்றின் மேல் பூட்ஸை வைத்து, சுவருக்கு முதுகைக் காட்டி, ஒரு மணி நேரம் சிலையாக நிற்க வேண்டும். மூக்கில் ஈ உட்கார்ந்தால் ஈ பாடு கொண்டாட்டம்.

ஏற்கெனவே இரண்டு முறை சிரித்து மாட்டிக்கொண்டவன் அவன். ஒருமுறை, ஒரு நாய் மலர்வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடியபோது. இன்னொரு முறை காரணமே இல்லாமல்.

“மூணாவது தடவை உன் பல்லைப் பார்த்தேன், நேரா சமையல்கூடம்தான். பாத்திரம் கழுவு” என்று சார்ஜென்ட் சொல்லியிருந்தார். அவருக்கும் பையன்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: கல்மூஞ்சி. எதிரே கொடிமரத்தடியில் நின்று, இவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்லனின் அம்மாவோ, இந்தக் காவல் உடுப்பில் எடுத்த படத்தைக் காட்டித்தான் மூன்று வீட்டில் பெண் கேட்டிருந்தாள். பாத்திரம் கழுவுகிற படத்துக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

அன்று வீரர் நினைவு நாள். பெரிய மனிதர்கள் காலையிலேயே வந்து, மலர்வளையம் வைத்து, தலைகுனிந்து, காரேறிப் போய்விட்டார்கள்.

அப்புறம் ஓர் அம்மாள் வந்தாள். எழுபது வயதிருக்கும். கையில் மடக்கு நாற்காலி, தோளில் பிளாஸ்க்.

பல்லனுக்கு நேர் எதிரே, இரண்டடி தள்ளி, நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவனுடைய சட்டையின் மூன்றாவது பொத்தானை உற்றுப் பார்த்தாள்.

பொத்தான் கழன்றுவிட்டதோ என்று பல்லனுக்கு வியர்த்தது. குனிந்து பார்க்க முடியுமா?

“ஏங்க” என்றாள் அம்மாள்.

பல்லனுக்கு வயது இருபத்திரண்டு. அதுவரை அவனை யாரும் ‘ஏங்க’ என்று கூப்பிட்டதில்லை.

“கொல்லைக் குழாய் மறுபடியும் ஒழுகுது. அன்னைக்கு ஒரு கயித்தைச் சுத்திட்டு, ‘வந்து பாத்துக்கறேன்’னு போனீங்க. நல்லா பாத்தீங்க!”

பல்லனின் உதட்டோரம் துடித்தது.

“உங்க அக்கா வந்து ஒரு மாசம் ஆச்சு. அவங்க விடுற குறட்டைக்குப் பக்கத்து வீட்டு நாய் பதில் சொல்லுது. கிளம்பச் சொல்லிடட்டுமா?”

பொத்தான் பக்கமாகக் காதைச் சாய்த்தாள்.

“மௌனம் சம்மதம்” என்று சொல்லி ஒரு விரலை மடக்கினாள்.

“உங்க நீலச் சட்டையைக் கடைசியில கரித்துணி ஆக்கிட்டேன். கோபமா?”

கோபம் இல்லை. இன்னொரு விரல் மடங்கியது.

“தலைக்குக் கறுப்பு மை போடலாம்னு இருக்கேன். மூத்தவ சிரிக்கிறா. எனக்கு நல்லாத்தானே இருக்கும்?”

மூன்றாவது விரல்.

பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றி, பல்லனின் பூட்ஸ் இரண்டுக்கும் நடுவில் வைத்தாள். சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு, “எப்பவும் இப்படித்தான், எனக்கே விட்டுக்குடுத்துடுவீங்க” என்று எடுத்துத் தானே குடித்தாள்.

பல்லனின் வயிற்றுக்குள் சிரிப்பு பந்தாக உருண்டது. கன்னத்தை உள்ளே கடித்தான். செத்துப்போன பெரியம்மாவை நினைத்துக்கொண்டான். அந்தப் பெரியம்மாவும் குறட்டை விடுவாள் என்பது அப்போதுதானா ஞாபகத்துக்கு வர வேண்டும்? கண்ணில் நீர் முட்டியது. கொடிமரத்தடியில் சார்ஜென்ட் கழுத்தை நீட்டினார்.

ஆனாலும் சிரிக்கவில்லை. ஒரு பல்கூட வெளியே வரவில்லை.

அம்மாள் எழுந்து நாற்காலியை மடக்கினாள். அப்போதுதான் முதல்முறையாக அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“தம்பி, கோவிச்சுக்காதப்பா. கொஞ்சம் தள்ளிக்க முடியுமா? போன வருஷம் நின்ன பையன் ஒல்லி, ரெண்டு எழுத்தாவது தெரிஞ்சுது. நீ என் வீட்டுக்காரர் பேரை முழுசா மறைக்கிற. ஒருதரம் தொட்டுட்டுப் போயிடறேன்.”

பல்லனுக்கு முதுகு சில்லென்றது. அவன் சாய்ந்துவிடாமல் நின்றிருந்த அந்தக் கல்லில், வரிசை வரிசையாகத் திரும்பி வராதவர்களின் பெயர்கள்.

இவ்வளவு நேரம் அசையாதவன், துப்பாக்கியோடு ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தான்.

கொடிமரத்தடியிலிருந்து பூட்ஸ் சத்தம் விறுவிறுவென்று வந்தது. கல்மூஞ்சி அவன் காதருகே வந்து நின்றார். போச்சு, எல்லாம் போச்சு என்று பல்லன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

“இன்னும் ஓரடி தள்ளுடா” என்றார் அவர், சன்னமாக. “அவர் பேரு நீளம்.”

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் திட்டுகிற வாயும், அந்தத் திட்டை வாங்குகிற காதும் ஒன்றுக்கொன்று எதிரிலேயே நூறு வயது இருக்கட்டும்.