உள்ளே போடும் கம்பளி

பீச் மரம் பூத்திருக்கிறது. நேற்றிரவு கொட்டிய பனி பூக்களின் மேல் குவிந்து கிடக்கிறது. லெசோத்தோ மலைகளில் வசந்தம் இப்படித்தான். முந்தாநாள் வெயில் சுட்டதால் வெறும் சட்டையோடு ஆடுகளை மேலே ஓட்டிப்போன மொலெஃபி இன்னும் திரும்பவில்லை. நாய் மட்டும் வந்து அடுப்போரம் நடுங்குகிறது. ஆணியில் தொங்கிய அவன் கம்பளிப் போர்வையை மனைவி புசெலெட்சோ எடுக்கிறாள். தேடப் புறப்படும் அவன் தம்பி கோட்சோ, ரப்பர் பூட்ஸும் இரண்டு ஸ்வெட்டரும் தன் கம்பளியும் போட்டு நிற்கிறான்.

"இதையும் போட்டா உருண்டுதான் போவேன் அண்ணி. தோள்ல போட்டுக்கிறேன்."

"தோள்ல போட்டா சில்லுன்னு ஆயிடும். உன்னுதைக் கழட்டு. இதை உள்ள போடு."

கழற்றுகிறான். மொலெஃபியின் கம்பளியை, அதன் கோடுகள் நிமிர்ந்து நிற்க, அந்த ஊர் வழக்கப்படி உயிரோடு இருப்பவர்கள் போர்த்துவதுபோல் அவனுக்குப் போர்த்தி, ஊக்கு குத்துகிறாள். அதன் மேல் அவனுடையது.

"பார்த்ததும் கழட்டி அவருக்குப் போர்த்து. உன் சூடு அதுல இருக்கும்."

"சரி அண்ணி."

வாசலில் காத்திருக்கும் ஆண்களை அவள் பார்க்கிறாள்.

"எதுக்கு இத்தனை மண்வெட்டி?"

"பனி வழிக்கத்தான்," என்கிறான் கோட்சோ, ஊக்கைப் பார்த்தபடி.