குளத்து நத்தை

முற்றத்தில் அந்தி வெயில் சாய்ந்து கிடக்கிறது. நொய்யும் தவிடும் தின்ற வாத்துக்குஞ்சுகள் எழ முடியாமல் மார்பை மண்ணில் அழுத்தியிருக்கின்றன; மாதம் கடந்தும் இறகு கட்டவில்லை. பாதி செத்துவிட்டன. என் தம்பி ஒச்சாண்டி ஊர்க் குளத்தில் மூழ்கி இறந்த அன்று, அந்தக் குளத்தில் பிறந்த எதுவும் எங்கள் வாசலைத் தாண்டாது என்று ஊர் முன்னால் சொன்னவன் நான். எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல் மாறியதில்லை. அவன் ரங்கூனிலிருந்து கொண்டுவந்த குடை உத்தரத்தில் தொங்குகிறது. காற்றில்லாதபோதும் மெல்லத் திரும்புகிறது.

வாசலுக்கு வெளியே அவன் மனைவி ராமுத்தாய் நிற்கிறாள். அவள் மடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

“என்ன ஆத்தா அது?”

“கொளத்து நத்தை, மச்சான். தவிடு வயித்தத்தான் ரொப்புது, கால ஊண விடல. ஒரே அடையில பொரிச்ச குஞ்சுகதான், வியாகுலமேரி வீட்டுல நத்தையத் தின்னு வரப்புல ஓடுது. வேதக்கார வீட்டு வாத்து நடக்குது, நம்மது முழங்கால் போட்டுக் கெடக்கு.”

நான் சிரிக்கவில்லை.

“நான் சொன்ன சொல்லு?”

“அவுகளத்தான் அந்தக் கொளத்துக்குக் குடுத்தாச்சு. இதுகளையும் குடுக்கணுமா?”

குடை நின்றுவிடுகிறது. வெளியே போய், தோள் துண்டை எடுத்து அவள் மடிக்குக் கீழே விரிக்கிறேன். நத்தைகள் கனமாக விழுகின்றன. நானே அவற்றை வாசலைத் தாண்டி உள்ளே எடுத்துவந்து, கல்லால் நத்தை ஓடுகளை நசுக்குகிறேன். ஒரு குஞ்சு கழுத்தை நீட்டி விழுங்கி, மறுபடியும் அலகைத் திறக்கிறது. ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொள்கிறேன். குளத்து நீர் முதுகில் இறங்குகிறது. நான் நிமிர்ந்தே நிற்கிறேன்.