வாசிக்கும் ப்ளகின்

கிருபாகரன் சில வருடங்களாக வேறொரு பெயரில் கதைகள் எழுதி ஓர் இணையதளம் நடத்திவந்தார். மனைவி தமயந்தி அதன் தவறாத வாசகி. எழுதுவது தான்தான் என்று அவளிடம் அவர் சொன்னதில்லை. இப்போது அவளுக்குப் பார்வை மங்கிவிட்டது. கதைகளை வாய்விட்டு வாசிக்கும் ப்ளகின் என்ற சிறு மென்பொருள் ஒன்றைத் தளத்தில் ஏற்றிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் முழுதாக ஏறாமல் பாதியில் நின்றுபோனது.

தளத்துக்கு சர்வரில் இடம் தரும் நிறுவனத்துக்கு போன் செய்தார். ஷாஹனா என்ற பெண் எடுத்தாள்.

"இடம் நிறைஞ்சிருச்சு சார். பழைய படங்களை அழிக்கணும். அவசரமா?"

"என் மனைவி கேக்கணும்மா. அவளுக்குக் கண்ணு தெரியல."

"அப்ப நீங்களே வாசிச்சுக் காட்டலாமே?"

"எழுதுறது நான்னு அவளுக்குத் தெரியாதும்மா."

மறுமுனையில் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"லைன்லயே இருங்க சார். ஏத்திடலாம்."

அவர் படங்களை அழித்தார். ஷாஹனா தளத்தின் பழைய வெர்ஷனைப் புதியதாக மாற்றிக் கொடுத்தாள். ப்ளகின் ஏறியது.

அன்று மாலை, ரயிலில் மூக்குத்தியைத் தொலைத்துவிட்டு அழுத பெண்ணின் கதையை இயந்திரக் குரல் மடமடவென்று வாசித்தது. தமயந்தி கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"நிறுத்துங்க. இதுக்கு எங்க மூச்சு விடணும்னே தெரியல. எழுதுனவரே வாசிக்கட்டும்."

அவள் சோபாவில் சற்று நகர்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள்.

"உங்க கண்ணாடிய எடுத்துட்டு வாங்க."