மூன்று ஞாயிறு ஓலை

"ஓலையைத் தமிழ்லதான் வாசிக்கணும். எங்க நைனா கல்யாணத்துலயே..."

"காதண்டி, அப்படியில்லீங்க, ரேணிகுண்டா சபையில தெலுங்குலதான் எப்பவும்..."

"என்னை முழுசா பேச வுடுங்க."

"நீங்க முடிச்சாத்தானே வுடறதுக்கு?"

போதகர் வீட்டுக் கூடத்தில் இரண்டு சம்பந்திகளும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தியநாதன் மாப்பிள்ளை தனராஜின் தகப்பன், விஜயபுரத்துத் தமிழ் வாத்தியார். தேவதானம் பெண் லோயிஸின் தகப்பன், ரேணிகுண்டா ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன், தெலுங்குக்காரர். கல்யாண அறிவிப்பான ஓலையைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசித்த பிறகுதான் கல்யாணம். அதை எந்த பாஷையில் வாசிப்பது என்பதிலேயே மே மாத மத்தியானம் முழுக்கப் போய்விட்டது.

கடைசியில் இருவரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். ஆந்திராவுக்கும் மதராசுக்கும் எல்லை பிரிக்கும் தீர்ப்பு அடுத்த வருஷம் வரப்போகிறது. விஜயபுரம் மதராஸ் பக்கம் போனால் தமிழ் ஓலை, இந்தப் பக்கமே நின்றால் தெலுங்கு ஓலை. அதுவரை கல்யாணம் நிற்கட்டும்.

தனராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அடுத்த வருஷத்துக்குள் இவர்கள் இன்னும் எத்தனை சண்டை போடுவார்களோ, சம்பந்தம் தங்குமா? எதிரே லோயிஸ் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாகவே அவனிடம் ஏதோ சொல்ல வருவதும், ஆள் வந்ததும் விழுங்கிக்கொள்வதுமாக இருந்தாள்.

அவன் அம்மா கிருபாவதி, புருஷன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியபடி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பு இதே காம்பவுண்டு பங்களாவில் பாதிரித்துரையின் பிள்ளைகளை வளர்த்தவள்; போதகர் வீட்டு அடுப்படி அவளுக்குப் புதிதில்லை.

"போதகரய்யா, குடும்பம் பண்ணப் போறது நாங்க," என்றாள் லோயிஸ். "எங்க ஆசையை நாங்க ஒரு வார்த்தை பேசிக்கிறோமே. தமிழும் வேணாம், தெலுங்கும் வேணாம்."

அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவன் அங்கேயே கம்பவுண்டர். அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா இருவருக்கும் தன் பாஷையான ஜெர்மனைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். தகப்பன்மார் முதல்முறையாகச் சேர்ந்து சிரித்தார்கள். இதற்கும் ஒரு கமிஷன் வைக்க வேண்டாம், பேசட்டும் என்றார் தேவதானம்.

லோயிஸ் ஜெர்மனில் ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு வேண்டும் என்றாள். கிணறு இருக்கிற வீடு என்றான் அவன். பிள்ளைகள் இரண்டு பாஷையும் படிக்க வேண்டும் என்றாள். மூன்று, என்று அவன் திருத்தினான். பிறகு, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் தொட்டில் வேண்டும் என்றாள்.

தனராஜ் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து காப்பி தரையில் கொட்டியது.

என்ன சொன்னாய் என்று போதகர் கேட்டார். ஆசையைத்தான் சொன்னேன் என்றாள்.

"நல்ல ஆசைதான். எல்லாம் அடுத்த வருசம் பார்க்கலாம்," என்று சத்தியநாதன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க," என்றாள் கிருபாவதி.

இருபத்தாறு வருஷத்தில் அவள் அவரை அப்படி அதட்டியதில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார்.

"ஓலையைத் தெலுங்குலயே வாசிக்கட்டும். ஆனா இந்த ஞாயித்துக்கெழமயே ஆரம்பிக்கணும். உங்க எல்லைக்காக என் புள்ளை காத்துக்கினு இருக்க மாட்டான்."

தேவதானத்துக்குச் சண்டை போட எதுவும் மிச்சமில்லை. யாருக்கும் மனசு மாறுவதற்குள் போதகர் ரிஜிஸ்டரைத் திறந்தார்.

கொட்டின காப்பியைத் துடைக்கக் குனிந்த கிருபாவதி, லோயிஸின் காதோரம் மெல்லச் சொன்னாள்:

"அந்த பங்களாவுல அஞ்சு வருசம் ஜெர்மன் புள்ளைங்களைத் தூங்க வெச்சவ நான். இந்தக் கிறிஸ்துமஸுக்கே தொட்டில் வேணும்னுதானே சொன்னே, இப்ப எத்தினி மாசம்மா?"