பத்து எண்ணுங்க!

இன்சுலின் பேனா கல்லாக உறைந்துவிட்டது. அதை ஃப்ரீசரில் வைத்த புண்ணியவான், ஊருக்கெல்லாம் பிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் மெக்கானிக்கேதான்.

“குளிர்ச்சியா வைக்கணும்னாங்க. கொஞ்சம் கூடுதலா இருக்கட்டுமேன்னு…”

“கூடுதலா! உறைஞ்சா குப்பைக்குத்தான் போகும்னு நர்ஸ் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே! எந்த வீட்டு பிரிட்ஜை நினைச்சுக்கிட்டிருந்தீங்க?” மனைவி பொரிந்து தள்ளினாள். “சர்க்கரைன்னு தெரிஞ்சு மூணு வாரம் ஆச்சு. ஊசியைப் பார்த்தா இன்னும் கை உதறுது!”

“என் கை. உதறிட்டுப் போகுது.”

“வேற வாங்கிட்டு வாங்க. சாப்பாடு ஆறுது.”

மருந்துக்கடைக்கு ஓடிப்போய் வந்தார். கை கழுவினார். புது ஊசியை மாட்டி, பேனாவைத் திருகிப் பன்னிரண்டு யூனிட் வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினார்.

மனைவியின் வயிற்றில்.

“எண்ணுங்க. பத்து வரைக்கும் எண்ணாம எடுத்தா மருந்து வெளிய வந்துடும். மெதுவா!”

எண்ணி முடித்ததும் அவருக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “உனக்கும்தானே நர்ஸ் சொல்லிக் குடுத்தாங்க? நீயே போட்டுக்கிட்டா என்ன? எதுக்குத் தினமும் என் உயிரை வாங்கறே?”

“சொல்லட்டுமா?” அவள் முறைத்தாள். “ஊரார் வீட்டு பிரிட்ஜ் முன்னால மணிக்கணக்கா உட்கார்றீங்க. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல, பத்து எண்ணுற நேரமாவது என் முன்னால உட்கார்ந்தது இந்த ஊசி வந்தப்புறம்தான். போதுமா?”